3ஜி டெஸ்டில் பிளேட் சூடேறினால் என்ன செய்வது

3ஜி என்பது இரண்டு பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இடையிலுள்ள பள்ளத்தை வெல்டு செய்து காட்டும் வெல்டர் தேர்வு. அதில் டெஸ்ட் பிளேட் சிறியது, சிக்கலே அங்கேதான். 10 மி.மீ. தடிமன், ஏறத்தாழ ஒரு சாண் நீளம். பெரிய பிளேட்டைப் போல அது சூட்டை இழுத்துக்கொள்ளாது. ரூட்டை (பள்ளத்தின் அடியில் போடும் முதல் வெல்டு) அழகாகப் போட்டவருக்கும் மூன்றாவது பாஸில் (பாஸ் என்பது ஒருமுறை போடும் வெல்டு வரி) உருகிய உலோகக் குழம்பு வழிந்து இறங்குவது இதனால்தான்.

இங்கே பேசுவது 3.2 மி.மீ. 7018 வகை வெல்டிங் ராடு, டிசி மின்னோட்டத்தில் ராடு பாசிட்டிவ், பின்னால் பேக்கிங் பட்டை (பள்ளத்தின் அடியை மூடும் இரும்புப் பட்டை), கீழிருந்து மேலே. செங்குத்தில் இந்த ராடுக்கு 105 முதல் 125 ஆம்பியர் பெரும்பாலும் ஒத்துவரும். கொடுத்திருக்கும் டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறைத் தாள்) வேறு எல்லை சொன்னால் அதைத் தாண்டாதீர்கள்.

ரூட்டின்போது பிளேட்டும் பட்டையும் குளிர்ந்திருக்கும். அதனால் 120 வாக்கில் தொடங்குங்கள். பயந்து குறைத்தால் பட்டை சேரும் மூலை சரியாக உருகாது, அங்கே ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கசடு) சிக்கும். தேர்வில் வெல்டை வளைத்துப் பார்க்கும்போது ரூட் பக்கம் பிளப்பது அந்த மூலையில்தான்.

ரூட்டுக்கு மேல் பள்ளத்தை நிரப்பும் ஃபில் பாஸ்களில்தான் சூடு சேரும். குழம்பின் கீழ் விளிம்பு தொங்குகிறதா, அலைகள் கீழ்நோக்கிக் கூராகின்றனவா, நடுப்பகுதி புடைக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததும் பலர் ஆம்பியர் குமிழைத் திருப்புவார்கள். அதற்கு முன் ராடை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்; ஸ்லாக்கைத் தட்டி, ஓரங்களை வயர் பிரஷ்ஷால் தேய்க்கும் நேரமும் ஆறும் நேரம்தான். பாஸ்களுக்கு இடையே எத்தனை டிகிரி என்று டபிள்யூபிஎஸ் சொல்லியிருந்தால் வெப்பநிலைச் சாக்பீஸால் (குறித்த சூட்டில் உருகும் குச்சி) தொட்டுப் பாருங்கள். அகச்சிவப்பு மானி பளபளப்பான இரும்பில் குறைத்துக் காட்டும், நம்ப வேண்டாம். ஆறிய பிறகும் வழிந்தால் 5 ஆம்பியர் குறையுங்கள். தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள்: திடீரென்று குளிர்ந்தால் வெல்டும் அதன் ஓரமும் கடினமாகி வெடிக்கலாம், பல இடங்களில் அதற்கு அனுமதியும் இல்லை.

சூட்டைக் குறைக்க ராடை மேலே தூக்கித் தூக்கி ஆட்டுவது 6010 வகை ராடுக்குப் பழகிய கையின் வேலை. 7018-இல் ஆர்க் நீண்டால் வாயுப் பாதுகாப்பு போய் ஓட்டைகள் விழும். ஆர்க்கைக் குட்டையாக வைத்து, இரு ஓரங்களிலும் ஒரு கணம் நின்று, நடுவை வேகமாகக் கடந்துவிடுங்கள். ஓரத்தில் நிற்காமல் ஓடினால் அண்டர்கட் (வெல்டின் ஓரத்தில் அரித்த பள்ளம்), நடுவில் நின்றால் தொப்பை.

கடைசி 25 மி.மீ. தனிக் கவலை. சூடு முன்னாலேயே ஏறிவிட்டிருக்கும், அதற்குமேல் பிளேட்டும் இல்லை. ஓரத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்துச் சற்று வேகமாக ஏறுங்கள். கைமீறினால் நிறுத்தி, தட்டி, ஆறவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது ராடு நுனியில் கண்ணாடி போல் மூடிய ஸ்லாக்கை உடைத்துவிட்டு, வெல்டை நிறுத்திய இடத்துக் குழிக்கு 12 மி.மீ. மேலே ஆர்க் பிடித்து, இறங்கிவந்து குழியை நிரப்பியபின் ஏறவும்.

கேப்புக்கு (மேலே மூடும் கடைசி பாஸ்) முன் ஃபில் மேற்பரப்புக்கு 1 மி.மீ. கீழே நிற்கட்டும், பள்ளத்தின் இரு விளிம்பும் உருகாமல் கூராகத் தெரிந்தால் அவையே கேப்புக்கு வழிகாட்டும் கோடு. இந்த இடைவெளியில் மற்ற பாஸ்களைவிட அதிக நேரம் ஆறவிடுங்கள். ஏடபிள்யூஎஸ் டி1.1 (அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதிநூல்) தேர்வில் அண்டர்கட் 1 மி.மீ., மேல் புடைப்பு 3 மி.மீ. தாண்டக்கூடாது, சூடான பிளேட்டில் போட்ட கேப் இந்த இரண்டையும் ஒரே ஓட்டத்தில் தாண்டிவிடும்.