வடசென்னையிலிருந்து சர்ஃபிங் போகிறீர்களா? எந்த போர்டை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு அலை புதிதில்லை. ஆனால் நம் கரையில் போர்டோடு இறங்க இடமில்லை. துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே கடல் கரையை அரித்தது. அதைத் தடுக்கத்தான் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை அங்கங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு நடுவே தயவுசெய்து இறங்காதீர்கள். கோவளம்தான் நமக்குச் சரி. 50 கிலோமீட்டர் போல ஆகும், போர்டு வாங்கும்போது அந்தத் தூரத்தையும் யோசிக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: நீளமான லாங்போர்டை வாடகைக்கு எடுங்கள், குட்டையான, அகலமான ஃபிஷ்ஷைச் சொந்தமாக வாங்குங்கள், மெலிந்த கூர்மூக்கு ஷார்ட்போர்டுக்கு அவசரமே இல்லை.

லாங்போர்டு 9 அடியும் அதற்கு மேலும் இருக்கும். முழங்கால் உயர அலைகூட அதைத் தூக்கிக்கொண்டு போகும். திருப்பத்தான் பொறுமை வேண்டும், பின்னால் நகர்ந்து டெயிலை, அதாவது போர்டின் பின்முனையை, மிதித்தால்தான் திரும்பும். விடியற்காலையில் காற்று அடங்கிக் கடல் வழுவழுவென்று இருக்கும்போது இதற்கு ஈடே கிடையாது. ஆனால் பைக்கில் கட்ட முடியாது. கோவளத்து சர்ஃப் ஸ்கூல்களில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிஷ் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1967 வாக்கில் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டு ஓட்டுவதற்காகச் செய்த வடிவம். ஐந்தரை அடிப் பக்கம் நீளம், நல்ல அகலம், மீன் வாலாகப் பிளந்த டெயில், அடியில் பக்கத்துக்கு ஒரு ஃபின், அதாவது மீன் துடுப்பு மாதிரித் தகடு. நடு ஃபின் இல்லாததால் இழுவை குறைவு. அலை பலமில்லாமல் சரியும் இடத்திலும் வேகம் விடாது. நம் பக்கத்து அலை பாதி நாள் அப்படித்தான். செங்குத்தான அலையில் மட்டும் டெயில் வழுக்கும், அங்கே காலை நிதானமாக வையுங்கள். பைக்கின் பக்கவாட்டில் போர்டு மாட்டும் ரேக் போட்டால் வீட்டுக்கே கொண்டு வந்துவிடலாம்.

ஷார்ட்போர்டில் இப்போது பரவலாக இருக்கும் மூன்று ஃபின் அமைப்பு, 1980-ல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் கொண்டு வந்தது. செங்குத்தான அலையில் பிடிப்பும் திருப்பமும் அபாரம். அலை சின்னதாக இருந்தால் தண்ணீரில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பழைய போர்டு வாங்குகிறவர்கள் ஃபின்னைக் கழற்றிவிட்டுத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். மூக்கு தரையிலிருந்து எவ்வளவு தூக்கியிருக்கிறது? அதுதான் ராக்கர். அதிகம் தூக்கியிருந்தால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது, ஆனால் சமமான தண்ணீரில் மெதுவாகத்தான் போகும். அப்புறம் விளிம்பை, அதாவது ரெயிலை, உள்ளங்கையால் பிடித்துப் பாருங்கள். தடித்து உருண்டிருந்தால் தப்பாகக் கால் வைத்தாலும் கவிழ்க்காது. மெலிந்திருந்தால் தண்ணீரை நன்றாக வெட்டும், ஆனால் சின்னப் பிசகுக்கும் உடனே தள்ளிவிடும்.

கடைசியாக ரிப்பேர். காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்கிற அண்ணன்கள் விரிசலை அருமையாக அடைப்பார்கள். ஆனால் படகுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினைத்தான் போடுவார்கள். உங்கள் போர்டின் உள்ளே தெர்மாக்கோல் வகை ஃபோம் இருந்தால் அது ஃபோமைக் கரைத்துவிடும். அதற்கு எபாக்ஸிதான் போட வேண்டும். எந்த ஃபோம் என்று வாங்கும்போதே கேட்டு, மார்க்கரால் டெயில் பக்கம் எழுதி வையுங்கள்.