பாட்டு கேட்கும் அறையில் ஒலி உறிஞ்சும் பேனல்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

ஸ்பீக்கர் நல்லதாக இருந்தும் பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறதா? பெரும்பாலும் கோளாறு அறையில்தான் இருக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேனல் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவது நிற்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கு இல்லாத கதவும் வேண்டும். அது தனி வேலை.

1. பேனலை அடையாளம் காணுங்கள்

பார்க்க வேண்டியது தடிமன். 2, 3 செ.மீ. ஃபோம் மேல் ஸ்தாயி ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, அப்படியே விட்டுவிடும். அறை முழுக்க அதை ஒட்டினால் பாட்டு மந்தமாகும், ஆனால் தும்தும் என்ற இரைச்சல் மட்டும் போகாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 3.4 மீட்டர், மெல்லிய ஃபோம் அதை என்ன செய்துவிடும்? ராக்வுல் (பாறையிலிருந்து செய்த இழை) அல்லது கண்ணாடி இழை நிரப்பிய, 10 செ.மீ. தடிமனுள்ள பேனல் நல்ல தொடக்கம். மேலே போர்த்திய துணியில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாக உள்ளே போக வேண்டும். முட்டை அட்டைக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

2. முதலில் நாற்காலி, பிறகுதான் பேனல்

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். இடது, வலது சுவர்கள் சம தூரத்தில் இருக்கட்டும். பின்சுவரை ஒட்டியோ அறையின் நட்டநடுவிலோ உட்கார வேண்டாம். முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர்) அறை நீளத்தில் 38 சதவீதம் என்பது பலரும் தொடங்கும் இடம். அது கட்டாயம் இல்லை, அங்கிருந்து முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள்.

3. கண்ணாடி வைத்துத் தேடுங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரம் வேண்டாம். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, டுவீட்டர் (ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி ஒலி தரும் சின்ன வட்டம்) உயரத்தில் மெதுவாக நகர்த்தட்டும். கண்ணாடியில் டுவீட்டர் தெரிகிற இடத்தில் ‘நிறுத்து’ என்று சொல்லி பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு சுவரிலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனிப் புள்ளி கிடைக்கும். அந்தச் சுவருக்கு அருகிலுள்ள ஸ்பீக்கரின் புள்ளிக்கே முதல் பேனல்.

காரணம் இதுதான்: சுவரில் பட்டு வரும் ஒலி நேராக வருவதைவிட 1.5 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் சுமார் 4 மில்லி விநாடி தாமதமாகிறது. காது அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காது. இரண்டையும் கலந்துவிடுவதால் குரல் எங்கிருந்து வருகிறது என்பது கலங்கிப்போகும். 60 × 120 செ.மீ. பேனலின் நடு, குறியின் மேல் வரட்டும். முடிந்தால் கூரைக்கும் இப்படியே செய்யலாம்.

4. மூலைகள்

பேஸ் ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அறை மூலையில் காதை வைத்துப் பாருங்கள். அங்கே எவ்வளவு குவிகிறது என்று உடனே தெரியும். 4 மீட்டர் நீளமுள்ள அறை 43 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கும். உங்களிடம் இருப்பதிலேயே தடித்த பேனல்களை மூலைக்குக் குறுக்காக, தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும்.

5. மாட்டும் விதம்

சுவரோடு ஒட்டாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டால் அதே பேனல் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். செலவில்லாத லாபம்! ராக்வுலை வெட்டுவதாக இருந்தால் கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

அப்புறம் கைதட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிரே இரண்டு வெற்றுச் சுவர்கள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பேனல் வைத்தாலே போதும். நான்கு சுவரையும் மூடிவிடாதீர்கள், பாட்டில் உயிரே இருக்காது. துளை போடும் முன் எல்லாவற்றையும் சும்மா சாய்த்து வைத்து, நன்றாகப் பழகிய பாட்டுகளைச் சில நாள் கேளுங்கள்.