பயாப்ஸிக்குப் பின் நுரையீரல் சுருங்கியிருக்கிறதா? ஸ்கேனில் பார்க்கும் முறை

நுரையீரல் பயாப்ஸியில் (சோதனைக்காகத் திசு எடுப்பதில்) நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, நெஞ்சுச்சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே தேங்கினால் நுரையீரல் சுருங்கும். ஊசி குத்தியபின் இந்தக் காற்றுக்கசிவைத் தேடும் வேலை, ஊசி குத்துவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பழைய காசநோயால் புளூரா (நுரையீரலைச் சுற்றிய இரட்டைச் சவ்வு) ஒட்டிக்கிடப்பவருக்கு நுரையீரல் வழுக்கி அசைவது முதலிலிருந்தே தெரியாது. முன்கூட்டியே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து குறித்து வைக்காவிட்டால், பிறகு பார்ப்பவர் அதைக் காற்று என்றே எடுத்துக்கொள்வார்.

நோயாளி மல்லாந்து படுக்கட்டும்; காற்று முன்நெஞ்சுக்கு ஏறிவரும். லீனியர் புரோபை (தட்டையான முகமுள்ள அல்ட்ராசவுண்ட் கருவிமுனை; 5–12 மெகாஹெர்ட்ஸ், ஆழம் 4–5 செ.மீ.) காரை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே, 2 அல்லது 3-ஆம் விலா இடைவெளியில், புரோபில் உள்ள குறி தலைப்பக்கம் இருக்கும்படி நெடுக்காக வையுங்கள். இரு விலா நிழல்களுக்கு நடுவே, விலாவின் மேற்பரப்பிலிருந்து சுமார் அரை செ.மீ. ஆழத்தில் தெரியும் வெள்ளைக் கோடுதான் புளூரா. கெயின் (படத்தின் வெளிச்ச அளவு) அதிகமானால் அசைவு மறைந்துவிடும், குறையுங்கள். கையை நோயாளியின் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு சில மூச்சுகள் பாருங்கள். புரோப் நகர்ந்தாலே கோடு அசைவதுபோல் ஏமாற்றும்.

கோடு வழுக்கினாலோ, பி-கோடுகள் (புளூராவிலிருந்து செங்குத்தாக ஓடும் வெள்ளைக் கோடுகள்) கீழே இறங்கினாலோ, இதயத்துடிப்போடு கோடு துடித்தாலோ அந்த இடத்தில் காற்று இல்லை. அந்த இடத்தில் மட்டும்தான். எனவே பல இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். அசைவு இல்லை என்பதால் மட்டும் காற்று என்று முடிவுகட்டக் கூடாது. காற்றுக்குமிழ் நோய், ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் போய்விட்ட மூச்சுக்குழாய் டியூப் ஆகியவையும் இப்படியே காட்டும். எம்-மோடில் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரையும் முறையில்) முழுக்கப் பட்டைக்கோடுகளாக வருவதும் அசைவின்மையைத்தான் சொல்கிறது. புரோபைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் வந்து தொட்டு விலகும் எல்லை அகப்பட்டால் காற்று இருப்பதில் சந்தேகமில்லை. நுரையீரல் முழுவதும் சுருங்கியிருந்தால் அந்த எல்லையே இருக்காது.

தோலடியில் காற்று புகுந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் அதற்குக் கீழே உள்ள புளூரா சரியாகத் தெரியாது. எக்ஸ்ரே அல்லது சிடிக்குப் போங்கள்.

சிடி பார்த்துக் குத்தியவர்களுக்கு, மேசையிலிருந்து இறக்கும் முன்பே நுரையீரல் விண்டோவில் (நுரையீரல் தெளிவாகத் தெரியும் சிடி பட அமைப்பில்) ஒரு முறை பார்த்துவிடலாம். பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்யும்) பயாப்ஸி என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் சுமார் 1 மணி நேரம் கழித்து, நிமிர்ந்த நிலையில் எக்ஸ்ரே. காற்று இருக்கிறது என்று சொல்ல, நுரையீரல் ஓரத்தின் மெல்லிய வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ரத்தநாளங்கள் இல்லாமல் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியும் நாளங்கள் ஓடினால் பெரும்பாலும் அது தோல் மடிப்பு. படுத்தபடி எடுத்த படத்தில் சிறு கசிவு எளிதில் தப்பிவிடும். முதல் படம் சரியாக இருந்தும் பின்னர் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மறுபடி எடுங்கள்.

மூச்சுத்திணறலோடு ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கம் மூச்சொலி அடங்கினால் படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.