கப்பலில் சூட் எடுத்திருக்கிறீர்களா? நண்பர்களைக் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கப்பல் பயணம் போகும்போது ஒருவர் மட்டும் மேல்தளத்தில் ஹாலும் பால்கனியும் உள்ள பெரிய அறைத்தொகுப்பு, அதாவது சூட், எடுத்திருப்பார், மற்றவர்கள் சாதாரண கேபினில் இருப்பார்கள். ஏறின அன்றைக்கே "எங்க ரூமுக்கு வாங்க, நிறைய இடம் இருக்கு" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிடுவோம். கூப்பிடத்தான் வேண்டும், அவ்வளவு பெரிய ஹாலையும் பால்கனியையும் இரண்டு பேர் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஆனால் இது வீட்டுக்கு ஆளைக் கூப்பிடுவது போல இல்லை. சில விஷயங்கள் முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கும் சங்கடம் வராது, வருகிறவர்களுக்கும் வராது, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் வராது.

முதல் விஷயம், எல்லாவற்றையும் விட முக்கியமானது. சூட்டின் நான்கு சுவருக்குள் இருப்பது உங்கள் இடம். அதற்கு வெளியே, சூட் எடுத்தவர்களுக்கென்றே ஒதுக்கிய தனிப் பகுதியில் இருக்கும் லவுஞ்ச், நீச்சல் குளம், சாப்பாட்டு அறை எதுவும் உங்கள் இடம் இல்லை, அங்கே தங்கியிருக்கும் எல்லோருக்கும் பொது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. இந்தத் தனிப் பகுதிக்குக் கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம், நார்வீஜியனில் 'தி ஹேவன்', எம்எஸ்சியில் 'யாட் கிளப்', செலிப்ரிட்டியில் 'தி ரிட்ரீட்' என்று பெயர்தான் வேறு, ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்: கீ கார்டு இருந்தால்தான் உள்ளே போக முடியும், அந்தக் கார்டு அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும். எம்எஸ்சி 2008இல் ஃபான்டாசியா என்ற கப்பலில் யாட் கிளப்பைத் தொடங்கியது. குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் 'கிரில்' என்ற உயர்வகை சூட் எடுத்தவர்களுக்கு இன்றைக்கும் சாப்பாட்டு அறையே தனி. அங்கே வந்திருக்கிறவர்கள் பெரிய கட்டிலுக்காக மட்டும் பணம் கட்டவில்லை, கூட்டம் இல்லாத அமைதிக்காகவும் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே இருக்கிற பத்து சாய்வு நாற்காலியில் ஆறைப் பிடித்துக்கொண்டால் உங்கள் தாராள மனசுக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

நானும் ஒரு தடவை இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். நண்பனையும் அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கதவு வரை போய், என் கார்டை வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது, நான் உள்ளே போய்விட்டேன். பின்னால் வந்தவர்களை மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து வந்து ரொம்ப மரியாதையாக "உங்கள் கார்டு?" என்று கேட்டார். அவன் கொடுத்தான், அவர் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த அரை நிமிஷத்தில் நண்பனின் மனைவியின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன், அதற்கப்புறம் அந்தப் பயணம் முழுக்க அவர் எங்கள் சூட் பக்கமே வரவில்லை. கதவில் நிறுத்தப்பட்டது அவர்கள், நிறுத்தும்படி செய்தது நான். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, சூட்டே அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தால் என்ன செய்வது? ஏறின அன்றே கன்சியர்ஜை, அதாவது சூட் பயணிகளின் தேவைகளைக் கவனிக்கும் ஊழியரை, பாருங்கள். இன்ன நாள், இத்தனை மணிக்கு, இத்தனை பேர் எங்கள் அறைக்கு மட்டும் வருகிறார்கள், அழைத்து வரலாமா என்று கேளுங்கள். சரி என்று சொன்னால் நீங்களே வாசல் வரை வந்து நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு நேராக அறைக்குப் போங்கள், போகிற வழியில் "லவுஞ்சில் ஒரு காபி குடிச்சிட்டுப் போவோம்" என்று திரும்பாதீர்கள். முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். டிப்ஸ் கொடுத்து மடக்கப் பார்ப்பது, "போன கப்பலில் விட்டார்களே" என்று வாதாடுவது எல்லாம் வேண்டாம். அந்த விதியை அவர் போடவில்லை, மீறினால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

அடுத்து, எத்தனை பேர், எவ்வளவு நேரம். சூட்டில் எத்தனை உட்காரும் இடம் இருக்கிறதோ அதற்கு மேல் கூப்பிடாதீர்கள் என்பது என் கணக்கு. கட்டிலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டால் அது அளவு மீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத் தங்கும் கணவரோ மனைவியோ தோழியோ, அவரைக் கேட்காமல் யாரையும் அழைக்கவே கூடாது, அவருக்கு அது படுக்கையறையும்தான். இரவு தங்க வைப்பது பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர்தான் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அவசர காலத்தில் உயிர் காக்கும் கணக்கு.

அழைக்கும்போதே முடியும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். "அஞ்சரைக்கு வாங்க, ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போகலாம்" என்றால் யாரும் யாரையும் கிளப்ப வேண்டியதில்லை, ஏழு மணி தானே கிளப்பிவிடும். நேரம் சொல்லும்போது கப்பல் நேரம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கரை பக்கத்தில் இருந்தால் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் நேரம் வேறாக இருக்கலாம், அப்புறம் ஒருவர் ஒரு மணி நேரம் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் வந்து நிற்பார்கள். நடுக்கடலில் வைஃபை இல்லாதவருக்குச் செய்தி போகாது என்பதையும் மறக்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர்கள் கேபின் கதவில் செருகிவிட்டு வருவது இன்றைக்கும் தோற்காத வழி.

பட்லர் விஷயத்துக்கு வருவோம். சூட்டோடு பட்லர், அதாவது அறைக்கு வந்து பரிமாறி வேண்டியதைச் செய்து தரும் பணியாளர், வருகிறார் என்றதும் அவர் நமக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அவர் இன்னும் பல சூட்களைப் பார்த்துக்கொள்கிறார், அதுவும் சாயங்காலம் சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, எல்லோரும் அந்த நேரத்தில்தான் எதையாவது கேட்பார்கள். அதனால் முதல் நாளே சொல்லுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, யார் சைவம். கடைசி நிமிஷத்தில் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். நண்பர்கள் நேரடியாக அவரிடம் "இன்னொரு ஐஸ் பக்கெட்" என்று கேட்க ஆரம்பித்தால் மெதுவாக நடுவில் புகுந்து, "என்கிட்ட சொல்லு, நான் கேட்கிறேன்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விருந்தாளிக்கு அவர் வேலைக்காரர் இல்லை. அவர் தட்டோடு உள்ளே வரும்போது பேச்சை நிறுத்தி ஒரு நன்றி சொல்லுங்கள், பெயரைச் சொல்லி. அதைப் பார்த்தே மற்றவர்களும் அப்படி நடந்துகொள்வார்கள்.

குடிக்கும் பானங்களில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சூட்டுக்கென்று வைத்த பாட்டில்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கியவை, இவற்றை யாருக்கு வேண்டுமானாலும் ஊற்றலாம். ஆனால் மொத்தமாகக் காசு கட்டி எடுத்த உங்கள் டிரிங்க்ஸ் பேக்கேஜில் வாங்கி நண்பருக்குக் கொடுப்பது விதிமீறல், அது ஒருவர் பெயருக்கு மட்டும்தான். மினி பாரில் எது இலவசம், எது கணக்கில் ஏறும் என்று விருந்துக்கு முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் திறந்துவிட, நீங்கள் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட வேண்டி வரும். நண்பர்களின் பிள்ளைகள் கூட வந்தால் வயது வரம்பைக் கவனியுங்கள், அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரும்பாலான பயணங்களில் அது 21.

அப்புறம் அந்த பால்கனி. எல்லோரும் நேராக அங்கேதான் போவார்கள், போகட்டும். ஆனால் பக்கத்து பால்கனிக்கும் நம்முடையதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய தடுப்பு மட்டும்தான், அந்தப் பக்கம் யாரோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். நாம் சாதாரணமாகப் பேசுவது அவர்களுக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். இரவு பத்து மணிக்கு மேல் எல்லோரையும் உள்ளே அழைத்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுங்கள். ஸ்பீக்கர் வெளியே போகவே கூடாது. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் ராயல் லாஃப்ட் சூட்டில் பியானோவே வைத்திருக்கிறார்கள், அப்படி ஒன்று வாய்த்தாலும் சாயங்காலத்தோடு மூடிவிடுவதுதான் மரியாதை.

பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது வாசல் கதவைத் திறக்காதீர்கள், இதை ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் பாயும், கனமான கதவு கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் அறையும். குழந்தையின் விரல் அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றைச் சாத்து, பிறகு மற்றதைத் திற. விருந்தாளி வந்து கதவைத் தட்டினால் யாராவது ஒருவர் பால்கனிப் பக்கம் போய் சாத்திவிட்டு "ம்" என்று சொன்ன பிறகுதான் நான் கைப்பிடியைத் தொடுவேன்.

பிறந்த நாள், கல்யாண நாள் என்று கொண்டாடுகிறீர்கள் என்றால், மெழுகுவத்தி வேண்டாம். ஊதுவத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். கப்பலில் தீயைப் போல் பயப்படும் விஷயம் வேறு இல்லை, ஓடி இறங்க ரோடு கிடையாது. புகை பிடிக்கிறவர்களை அதற்கென்று ஒதுக்கிய டெக்குக்கு அனுப்புங்கள், நிறையக் கப்பல்களில் பால்கனியிலும் தடைதான். கடலில் எதையும் போடக்கூடாது, ஒரு பேப்பர் நாப்கின் கூட. மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் பின்னிணைப்பு 1988 கடைசியிலிருந்தே பிளாஸ்டிக்கைக் கடலில் கொட்டுவதைத் தடை செய்திருக்கிறது. காற்றில் பறக்கும் அளவுக்கு லேசான எதையும் நான் பால்கனி மேசையில் வைப்பதில்லை.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது. விருந்து நடக்கும்போது அவசர ஒலி வந்தால், அதாவது ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும், எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்துக்கு ஓடக்கூடாது. ஒவ்வொருவரும் அவரவருக்குக் குறித்த இடத்துக்குத்தான் (ஸ்டேஷன் என்பார்கள்) போக வேண்டும், அது அவரவர் கார்டிலேயே எழுதியிருக்கும். உங்கள் இடம் ஒரு பக்கம், அவர்கள் இடம் வேறு பக்கம் இருக்கலாம். 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்த பிறகு விதிகளை இறுக்கினார்கள், 2015இலிருந்து கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி கட்டாயம். அதனால் முதல் நாள் பயிற்சி முடியும் வரை யாரையும் அறைக்குக் கூப்பிட வேண்டாம். வந்தவர்களிடம் "உங்க ஸ்டேஷன் எது?" என்று ஒரு தடவை கேட்டுவைப்பது வீண் போகாது.

உணவு பரிமாறும்போது கையால் எடுக்க விடாதீர்கள், இடுக்கி, கரண்டி வையுங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கப்பல்களில் பரவி வாந்தி பேதி வரவைக்கும் நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அவர் வராமல் இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் விதி. மனசு சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது, அதுதான் கஷ்டம். ஜன்னல் இல்லாத உள் கேபினில் இருக்கிற நண்பர் உங்கள் ஹாலுக்குள் நுழையும்போது அவர் மனசில் என்ன ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது. அறை அறையாகத் திறந்து காட்டாதீர்கள். பாத்ரூம் எங்கே, பால்கனி எங்கே என்று சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், அவர்களே கேட்டால் காட்டுங்கள். என்ன விலை என்ற பேச்சு வந்தால் நீட்டாமல் நகர்ந்துவிடுங்கள். அதை விட முக்கியம், விருந்து ஒரே திசையில் ஓடக்கூடாது. ஏழு இரவுப் பயணம் என்றால் இரண்டு சாயங்காலம் உங்கள் சூட்டில் போதும். மற்ற நாட்களில் நீங்கள் இறங்கிப் போங்கள்: பொது டைனிங் ஹாலில் அவர்களோடு சாப்பிடுங்கள், அவர்கள் கேபினில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சீட்டாடுங்கள், அவர்கள் ஒரு கோப்பை வாங்கித் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். "உனக்குத்தான் எல்லாம் ஃப்ரீ ஆச்சே" என்று யாராவது சொன்னாலும் அன்றைக்குப் பில் அவர்களுடையதுதான். நீங்கள் கொடுத்துக்கொண்டே இருந்து அவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தால் நாலாவது நாள் அவர்கள் ஏதாவது காரணம் சொல்லி வராமல் இருப்பார்கள்.

கடைசி இரவை விட்டுவிடுங்கள். அன்று பெட்டிகளைக் கட்டி வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும், எல்லோரும் அலைந்துகொண்டிருப்பார்கள். அதற்கு முந்தைய நாளே கடைசி விருந்தை வைத்துக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் தினசரிக் கணக்கில் சேரும் சேவைக் கட்டணம் பட்லருக்கும் கன்சியர்ஜுக்கும் போய்ச் சேராது, அதனால் அவர்களுக்குத் தனியாக ஒரு உறையில் வைத்துக் கையில் கொடுங்கள். விருந்து வைத்தீர்கள் என்றால் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக. அறையைச் சுத்தம் செய்தவரையும் விட்டுவிடாதீர்கள், அத்தனை கண்ணாடிக் கோப்பைகளையும் மறுநாள் காலையில் எடுத்துப் போனவர் அவர்தான். ஊர் திரும்பியதும் கருத்துக் கேட்டு மின்னஞ்சல் வரும், அதில் அவர்கள் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும். அதற்காகவே இறங்கும் முன் பெயர் அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.