ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அணைந்துபோன கார்

ரிமோட்டில் இயங்கும் என் சிறிய ஆர்சி கார் மெதுவாக ஓட்டினால் நன்றாக ஓடும். முழு வேகம் கொடுத்தால் மட்டும் சட்டென்று வலுவிழந்து நின்றுவிடும். மோட்டார்தான் பழுது என்று நினைத்து இரண்டு வாரம் அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு, லேசாக உப்பியும் இருந்தது. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, கொள்ளளவு 3200 எம்ஏஎச், அதாவது 3.2 ஆம்பியர்-மணி. லேபிளில் 30சி, அதாவது அந்த எண்ணைப்போல் 30 மடங்கு ஆம்பியர் தரும் என்று பொருள். கணக்குப்படி 3.2 ஐ 30 ஆல் பெருக்கினால் 96 ஆம்பியர் தரவேண்டும். ஆனால் சார்ஜரில் உள்மின்தடையை அளந்தபோது ஒவ்வொரு செல்லும் 12 மில்லிஓம் காட்டியது. 80 ஆம்பியர் இழுத்தால் மூன்று செல்லிலும் சேர்த்து ஏறத்தாழ 2.9 வோல்ட் உள்ளேயே வெப்பமாகப் போய்விடும். மின்னழுத்தம் அவ்வளவு சரிந்ததும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி கருவி, சார்ஜ் தீர்ந்துவிட்டதென்று எண்ணி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. கோளாறு அவ்வளவுதான்!

உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கலாம். அதை ஒதுக்கிவிட்டு, அதே மூன்று செல்லில் 5000 எம்ஏஎச், 50சி வாங்கினேன். லேபிளில் உள்ள சி எண்ணை இப்போது நான் அப்படியே நம்புவதில்லை. பலவற்றில் அது மிகைதான். உள்மின்தடையைத்தான் பார்க்கிறேன். புதியதில் செல்லுக்கு 3 மில்லிஓம். சூடேறியிருந்த பழைய கனெக்டரையும் பெரியதாக மாற்றினேன்.

சரி, இன்னொன்று. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கிறேன். பழையதை எப்போதும் 4.2 வோல்ட் வரை முழுதாக நிரப்பியே வைத்திருந்தேன்; அது கெட்டுப்போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.