வெட்டுத்துணியைச் சேர்த்து வைப்பதில் நடக்கும் தவறுகள்

தைத்து மிஞ்சியதெல்லாம் ஒரு கட்டைப்பைக்குள் போகும். பை நிறைந்தால் பரணுக்கு ஏறும். வருஷம் கழித்து குவில்ட் (துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் விரிப்பு) தைக்கலாம் என்று கொட்டினால் காட்டன், லைனிங், சாட்டின், பட்டு எல்லாம் ஒரே உருண்டையாக விழும். தைத்த குவில்ட் முதல் துவைப்பிலேயே கோணிக்கொண்டால், காரணம் பெரும்பாலும் இந்தப் பைக்குள்ளேயே இருந்திருக்கும்.

நிறவாரியாகப் பிரித்து அடுக்குவதுதான் பலரும் முதலில் செய்வது. பார்க்க அழகாக இருக்கும், தைக்கும்போது உதவாது. முதலில் துணியின் ரகம், அடுத்து கனம், பிறகு அளவு, கடைசியில்தான் நிறம். துவைக்காத காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். பாலியஸ்டர் அநேகமாகச் சுருங்காது. 45 அங்குல நீளத்தில் காட்டன் சுருங்குவது 1.35 முதல் 2.25 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் ஒன்று இழுக்க, மற்றது உப்பிக்கொள்ளும். அயர்ன் பாக்ஸும் இதே கதைதான். காட்டனுக்கு வைக்கும் சூட்டில் பாலியஸ்டர் ஜார்ஜெட் உருகி அடியில் ஒட்டிக்கொள்ளும்.

ரகம் தெரியாத பிட்டில் நான்கு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்குக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டு, முடி பொசுங்கும் வாடை வீசும். காட்டனும் பாலியஸ்டரும் கலந்த பாலிகாட்டன் எரியவும் செய்யும், ஓரத்தில் கெட்டியும் தட்டும். அதற்குத் தனி டப்பா.

துவைக்காமல் எடுத்து வைப்பது அடுத்த தவறு. புதுத் துணியை வெட்டுவதற்கு முன்பே அலசிவிட்டால் மிச்சமும் சுத்தமாகவே வரும். ஏற்கெனவே துண்டாகிவிட்டதை அப்படியே மெஷினில் போட்டால் ஓரம் பிரிந்து நூல் பின்னிக்கொள்ளும். வலைப்பையில் போட்டுக் கையால் அலசுங்கள். அடர் சிவப்பு, கருநீலம், சுங்குடி போன்றவற்றை ஒரு வெள்ளைத் துண்டோடு சுடுதண்ணீர் டம்ளரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெளிர் நிறக் குவில்ட்டுக்கு ஆகாது. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் போட்டு முடித்த துணியில் உப்பு எதையும் பிடித்துவைக்காது. ஒட்டாத சாயம் தண்ணீரில் கழிந்து போவதைத்தான் சாயம் நின்றதாக எடுத்துக்கொள்கிறோம்.

கஞ்சி போட்ட சேலைத் துண்டைக் கஞ்சியோடு மடித்து வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

இனி அளவு. கிடைத்ததையெல்லாம் ஒரே நாளில் சதுரமாக நறுக்கித் தள்ளும் உற்சாகம் ஆபத்தானது. 5 அங்குலச் சதுரமாக்கிவிட்ட துணியிலிருந்து நீளப் பட்டை எடுக்க முடியாது. ஒரு சாணை விடப் பெரியதை அப்படியே மடித்து வைத்து, அதற்கும் சிறியதை மட்டும் 5 அங்குலம், இரண்டரை அங்குலம் என இரண்டே அளவில் வெட்டினால் போதும். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் அங்குலம். ரவிக்கைக் கணக்கில் விட்டால் அளவு தப்பும். 5 அங்குலச் சதுரம் தைத்தபின் நாலரை ஆகும். 36-க்கு 45 அங்குலக் குழந்தை விரிப்புக்கு 8 வரிசை, வரிசைக்கு 10, ஆக 80 சதுரம் வேண்டும். கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டிய ரவிக்கை மிச்சத்தில் சதுரத்தையும் கிராஸாகவே எடுத்தால் தைக்கும்போது இழுபடும். துணியின் கரை இருந்தால் அதற்கு இணையாக, இல்லையென்றால் ஓர் இழையை உருவி அந்தக் கோட்டில் வெட்டுங்கள்.

கோணல்மாணல் பிட்டுகளையும் நேராக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற குவில்ட், ஓரத்தில் தொடங்கி நடு நோக்கிப் பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கையால் ஓடுதையல் போட்டு முடிப்பது. அந்த வேலைக்குச் சீரான சதுரத்தை விட வெவ்வேறு அளவுதான் தோது.

மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், கரும்புள்ளி தேய்த்துத் துவைத்தாலும் போகாது. அயர்ன் பண்ணிய சூடு முழுக்க ஆறிய பிறகே உள்ளே வையுங்கள். திறந்த அலமாரியில் வெயில் பட்டால் மடிப்பு விளிம்பு மட்டும் வெளுத்துக் கோடு விழும். குண்டூசி குத்தி வைப்பதும் ரப்பர் பேண்டு போடுவதும் கூடாது: ஒன்று துருக் கறை விடும், மற்றது உருகி ஒட்டும். ஜரிகைத் துண்டைத் தனியே வெள்ளைக் காட்டனில் சுற்றுங்கள்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போடும் வழக்கத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அந்த வாடை ஏறிய துணியிலிருந்து, இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்சைம் குறைபாடுள்ள சிசுக்களுக்கு அந்த அணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. குழந்தை விரிப்புக்கான துணியில் அது வேண்டவே வேண்டாம். வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பச்சையிலை ஈரமும் கறையும் விடும்.

ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போனதைச் சேர்க்காதீர்கள். தையலுக்கு இருபுறமும் விட்டால் ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. அவற்றைத் தலையணைக்குள் மட்டும் திணித்தால் கல் மாதிரி கனக்கும், துவைத்தால் நாள்கணக்கில் காயாது. பாதிக்குப் பாதி பஞ்சோடு கலந்து, கழற்றிப் போடும் உறைக்குள் அடையுங்கள். துவைக்க உறையை மட்டும் உருவிக்கொள்ளலாம்.