ஆட்டோமொபைல் படிக்க ஆசையா? ஏப்ரலிலேயே தாள்களைத் தயார் செய்யுங்கள்

நான் மதுரைப் பக்கம் திருமங்கலத்துப் பெண். அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான்தான். இப்போது வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் தேடி வருவார்கள். "அக்கா, ஆட்டோமொபைல் எடுக்கட்டுமா? ஃபீஸுக்கு என்னக்கா பண்ண?" அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் படிப்புக்கு அரசு நடத்தும் கவுன்சிலிங் முடியும் முன் எந்தத் தனியார் காலேஜிலும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அரசு தரும் பெரிய சலுகைகள் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021இல் வந்த சட்டம் அது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்: கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். நமக்குக் கிடையாது என்று நீங்களாகவே முடிவு செய்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிகிரி, டிப்ளமோ இரண்டுக்கும் உண்டு. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு சக்ஷம் என்ற திட்டம், அதிலும் அதே தொகை. இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இன்னொரு உதவித்தொகையும் வாங்கலாமா என்பதை அங்கேயே உள்ள விதிகளில் படித்துவிட்டு நிரப்புங்கள். இவை தவிர அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

நான் பார்த்தவரை, தகுதி இல்லாமல் பணத்தை விட்ட பிள்ளைகள் குறைவு. தாளில் பெயர் ஒத்துப்போகாமல் விட்டவர்கள்தான் அதிகம். ஆதாரில் முத்துலட்சுமி, மார்க் ஷீட்டில் முத்துலெட்சுமி, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் கணினி ஏற்காது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஸ்கூல் நாளில் தொடங்கிய கணக்கு பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும், அதை உயிர்ப்பியுங்கள். பேங்கில் "ஆதாரை இணைச்சாச்சு" என்று சொன்னால் அதோடு வந்துவிடக் கூடாது. "அரசுப் பணம் நேரடியா வர்ற மாதிரி ஆதார் சீடிங் ஆயிருக்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று நகர நாளாகும். ஜூன் மாதத்தில் ஊரே வரிசையில் நிற்கும். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். விண்ணப்பத்தை நீங்கள் அனுப்பியதோடு வேலை முடியாது. காலேஜில் இதற்கென இருக்கும் அலுவலர் இணையத்தில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்கு முன்னால் அவரை நேரில் பார்த்துக் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் பணம்.

பாடப்பிரிவில் பிடிவாதம் வேண்டாம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் பிரிவு இருக்கிறது. கிடைத்தால் நல்லது. மதுரையை விட்டுப் போக முடியாதவர்களுக்குத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இருக்கிறது, இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் இருக்கிறது. மின்சார வண்டி வந்த பிறகு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இ.இ.இ., இ.சி.இ. என்ற மின், மின்னணுப் பிரிவுகளில் படித்தவர்களையும் கம்பெனிகள் தேடுகின்றன. மார்க் குறைந்தாலும் வழி உண்டு: புதூர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக், அங்கிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, அதன்பின் பி.இ. இரண்டாம் ஆண்டு. அப்படி நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் பெண்ணும் பிரகதிக்கு விண்ணப்பிக்கலாம்.

"பொம்பளப் புள்ளைக்கு இதுல எங்கம்மா வேலை?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு: டி.வி.எஸ். 1911இல் தொடங்கியது நம்ம மதுரையில்தான். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி வேலை என்றால் ஸ்பேனர் மட்டும் இல்லை; வரைபடம், அளவெடுப்பு, சோதனை எல்லாமே வேலைதான். நான் பார்ப்பதும் அதுதான்.

சேர்ந்த பிறகு, கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியை மாணவர்களே வடிவமைத்துக் கட்டி ஓட்டும் பாஹா போட்டிக்கான குழு காலேஜில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முதல் ஆண்டிலேயே போய் நில்லுங்கள், வெல்டிங் பக்கமே நில்லுங்கள். இன்டர்வியூவில் மார்க்கைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். கணினியில் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருள் கற்க, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' திட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், வெளியே காசு கொடுக்கும் முன்.

உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மறந்து விட்டுவிட்ட பிள்ளைகள் உண்டு. ஆகஸ்ட் பிறந்ததும் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். முதல் ஆண்டு விண்ணப்ப எண்ணை அம்மா போனிலும் சேமித்து வையுங்கள்.